வளையும், நெகிழும், மசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தொடக்கநிலை 3-இல் அறிவியல் பாடம் ஆரம்பித்ததும் பிள்ளைகள் பொருள்களின் தன்மைகளைப் படிக்கிறார்கள். எது உறுதியானது, எது வளையும், எது தண்ணீரை உள்ளே விடாது என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். அப்புறம் உயர்நிலைக்குப் போனதும் அதே சொற்கள் ஆங்கிலக் கதைகளில் மனிதர்கள்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. தங்கத்தைச் சொன்ன 'மேலியபிள்' (malleable) ஒரு கதாபாத்திரத்தின் குணத்தையும் சொல்கிறது. "இதைத் தமிழில் எப்படிச் சொல்றது டீச்சர்?" என்று துணைப்பாட வகுப்பில் பிள்ளைகள் கேட்டவற்றையும், பிள்ளையை அழைத்துப் போக வரும் பெற்றோர் கேட்டவற்றையும், நான் சொல்லும் பதில்களோடு இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகள் சொல்லை விட்டு வெகுதூரம் போய்விடும். போகட்டும்.

'மேலியபிள்', 'பிளையபிள்' (pliable) இரண்டுக்கும் நேரான தமிழ்ச் சொல் எது?

ஒரே சொல்லாகக் கேட்டால் கிடைக்காது. இடம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

உலோகத்தைப் பற்றிப் பேசினால் தமிழ்ப் பாடநூல்கள் 'தகடாகும் தன்மை' என்கின்றன. சுத்தியலால் அடித்தால் உடையாமல் தகடாகப் பரவும் என்று பொருள். 'மேலியபிள்' பிறந்த லத்தீன் வேர்ச்சொல்லுக்கும் சுத்தியல் என்றுதான் அர்த்தம். அதனால் அந்த இடத்தில் இது கச்சிதமாகப் பொருந்தும். 'பிளையபிள்' மடிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. தோல், பிரம்பு, மெல்லிய கம்பி போன்றவற்றுக்கு 'வளையும்', 'மடங்கும்', 'நெகிழும்' என்று எழுதலாம்.

மனிதரிடம் வரும்போது தமிழ் உலோகத்தை விட்டுவிட்டுக் குழந்தையைப் பிடித்துக்கொள்கிறது. யார் கை நீட்டினாலும் போய்விடுகிறவர் 'எடுப்பார் கைப்பிள்ளை'. பேச்சுவழக்கில் 'மசிவது' என்ற சொல்லும் உண்டு. "எவ்வளவு கெஞ்சியும் அவர் மசியவில்லை" என்கிறோம். கீரையும் மசியும், மேலதிகாரியும் மசிவார்.

உதாரணம் என்றாலே ஏன் எப்போதும் தங்கம்?

உலோகங்களிலேயே அதிகம் தகடாவது அதுதான். ஒரு கிராம் தங்கத்தைச் சுமார் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு அடித்துப் பரப்ப முடியும். கம்பியாக இழுத்தால் அதே ஒரு கிராம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், பவுன் என்பது 8 கிராம். ஒரு பவுனை அப்படி அடித்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு சின்ன அறையின் தரையை மூடிவிடலாம். அந்தத் தகட்டைக் கையால் தூக்க முடியாது என்பது வேறு விஷயம், மூச்சுக்காற்று பட்டாலே கிழியும்.

காரணம் அணுக்களின் அடுக்கில் இருக்கிறது. உப்புக்கல்லில் நேர்மின் துகளும் எதிர்மின் துகளும் மாறி மாறி நிற்கின்றன. ஓர் அடுக்கு நகர்ந்தால் ஒரே வகைத் துகள்கள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தள்ளிவிடும். கல் பிளக்கும். உலோகத்தில் அப்படி இல்லை. எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் பொதுவில் திரிகின்றன. அடுக்குகள் வழுக்கி நகர்ந்தாலும் பிணைப்பு விட்டுப்போவதில்லை. தங்கம், வெள்ளி, செம்பு, அலுமினியம் நான்கிலும் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் இந்த வழுக்கலுக்கு மிக வசதியானது. சமையலறை அலுமினியத்தாள் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

தங்கம் அவ்வளவு மென்மை என்றால் நகை எப்படி நிற்கிறது?

சுத்தத் தங்கமாக இருந்தால் நிற்காது. 24 காரட் வளையலைப் போட்டுக்கொண்டு பேருந்தில் கம்பியைப் பிடித்தால் வளையல் கோணிப்போகும். அதனால்தான் செம்பும் வெள்ளியும் கலக்கிறார்கள். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் எந்த நகைக்கடைக்குப் போனாலும் காதில் விழும் '916' என்பது ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். கலந்த செம்பு அணுக்கள் தங்க அணுக்களைவிடச் சிறியவை. தங்க அடுக்குகள் வழுக்கும் வழியில் அவை முட்டுக்கட்டையாக நிற்கின்றன.

தட்டார் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பட்டையைத் தட்டிக்கொண்டே இருப்பார். சிறிது நேரத்தில் சுத்தியலின் சத்தமே மாறும், மந்தமான 'தொத்' போய் 'ணங்' என்று வரும். உலோகம் இறுகிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் அடித்தால் ஓரத்தில் விரிசல் விடும். உடனே ஊதுகுழலால் தீயை ஊதி, பட்டை சிவக்கும்வரை காட்டி, ஆறவைத்து மறுபடி சுத்தியலை எடுப்பார். அடிக்க அடிக்க உலோகத்துக்குள் இருக்கும் சின்னச் சின்ன அடுக்குக் குறைகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் வழுக்கல் நின்றுபோகிறது. சூடு அந்தச் சிக்கலை அவிழ்க்கிறது. ஓயாமல் அடித்தால் எல்லாம் வழிக்கு வரும் என்று நினைக்கும் பெற்றோர்களிடம் இதை நான் வேண்டுமென்றே கொஞ்சம் விரிவாகச் சொல்வதுண்டு.

தகடாவதும் கம்பியாவதும் ஒன்றா?

இல்லை. தகடாவது அழுத்தத்துக்கு, கம்பியாவது இழுப்புக்கு. ஈயத்தைச் சுலபமாகத் தட்டையாக்கலாம், ஆனால் மெல்லிய கம்பியாக இழுத்தால் அறுந்துபோகும். தங்கத்துக்கு இரண்டும் வரும்.

ரப்பரும் வளைகிறது, நீள்கிறது. அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

இங்கேதான் பிள்ளைகள் அதிகம் குழம்புகிறார்கள். பெரியவர்களும்தான்.

வளைந்த பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். ரப்பர் வளையத்தை இழுத்து விட்டால் பழைய வடிவத்துக்கே வந்துவிடும். அது மீட்சித்தன்மை, பாடநூலில் மீள்தன்மை என்றும் சொல்வார்கள். களிமண்ணை அமுக்கினால் அமுக்கிய இடத்தில் குழி அப்படியே இருக்கும். தங்கத் தகடும் அப்படித்தான். அது மறுபடி கட்டியாகச் சுருண்டுகொள்ளாது. ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சும்மா இருக்கும்போது சுருண்டு கிடக்கும், இழுத்தால் நிமிரும், விட்டால் மறுபடி சுருளும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குப் பாலங்கள் விழுந்து பிடி இறுகும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தது அதைத்தான். அதற்கு முந்திய ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப்போகும்.

நம் ஊருக்கு ரப்பரில் தனிக் கணக்கு உண்டு. 1877-இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையை வகுத்தார். தோட்டக்காரர்களோ காப்பிச் செடியை விட்டு அசையவில்லை. பார்க்கிறவரிடமெல்லாம் ரப்பர் விதையை நீட்டியதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பர் தோட்டம் போட்ட பிறகுதான் மற்றவர்கள் மெல்ல மெல்ல வந்தார்கள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்களே, அதற்கு ரிட்லியைவிட நல்ல சாட்சி கிடையாது. அவர் கரைத்ததன் விளைவாக எத்தனை தமிழ்க் குடும்பங்கள் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறின என்பது நம்மில் பலருடைய தாத்தா பாட்டி கதை.

சூடுபடுத்தினால் வளையும், ஆறினால் கெட்டியாகும் பொருளுக்கு நல்ல உதாரணம் உண்டா?

உண்டு, இந்த மண்ணிலேயே விளைந்தது. கட்டபெர்ச்சா. மலாய்க்காரர்கள் 'கெத்தா பெர்ச்சா' என்பார்கள். காட்டு மரம் ஒன்றின் பால் உறைந்தால் மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருக்கும். கொதிநீரில் போட்டால் பிசைந்த மாவுபோல இளகிவிடும். அப்போது எந்த வடிவம் கொடுக்கிறோமோ, ஆறியதும் அப்படியே நின்றுவிடும். மறுபடி வெந்நீரில் போட்டால் மறுபடி இளகும். மலாய் மக்கள் அதில் பாராங் கத்திக்குப் பிடி செய்து வந்தார்கள். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி அதைக் கவனித்து, 1840-களில் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார்.

அங்கே அது பிடித்த இடம் கடலுக்கடித் தந்திக்கம்பி. உப்புத்தண்ணீரில் கெடாமல் செப்புக் கம்பியைச் சுற்றிப் போர்த்த அதைவிட நல்ல பொருள் அன்று இல்லை. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே போட்ட கம்பிக்கு உறை கட்டபெர்ச்சா. 1871-இல் மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்தி வந்ததும் அப்படிப்பட்ட கம்பியில்தான். இந்தக் காட்டுப் பால் கடலுக்கடியில் போய், மெட்ராஸ் சேதியைச் சுமந்துகொண்டு திரும்பி வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். மரங்களின் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை. பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள், சில பத்தாண்டுகளில் காடுகளில் பெரிய மரங்கள் அரிதாகிவிட்டன. இன்று நீங்கள் கட்டபெர்ச்சாவைச் சந்திக்கக்கூடிய இடம் பல் மருத்துவரின் நாற்காலி. வேர்ச் சிகிச்சை செய்த பல்லின் உள்ளே அடைப்பது பெரும்பாலும் அதைத்தான்.

அப்படியானால் பிளாஸ்டிக்கை 'நெகிழி' என்பது சரிதானா? நாற்காலி நெகிழவில்லையே?

தயாரிக்கும்போது நெகிழ்ந்தது, அது போதும். 'பிளாஸ்டிக்' என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லும் வார்த்து வடிவம் கொடுக்கத் தக்கது என்பதையே குறிக்கிறது. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீர் போத்தலைச் சூடாக்கினால் மறுபடி இளகும். பழைய கறுப்புத் தொலைபேசி செய்யப்பட்ட பேக்கலைட் இளகாது, ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். சூடு அதிகமானால் கருகும்.

பரோட்டா மாவு எந்த வகை? மீள்வதா, படிவதா?

இரண்டும் கலந்தது. கேட்ட மாணவனின் அப்பாவுக்குப் பரோட்டாக் கடை, அதனால் நியாயமான கேள்வி. கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் இரண்டு வகைப் புரதங்கள் கைகோத்து ஒரு வலை பின்னுகின்றன. ஒன்று இழுத்தால் திரும்பி வரப் பார்க்கும், மற்றொன்று நீண்டு கொடுக்கும். பிசைந்த கையோடு வீச முயன்றால் மாவு சுருங்கிச் சுருங்கி வட்டத்துக்கே திரும்பும். எண்ணெய் தடவி மூடி, சில மணி நேரம் விட்டுவிட்டால் வலை தளர்ந்துவிடும். அப்புறம் உருண்டையை உள்ளங்கையால் அமுக்கி, ஓரத்தைப் பிடித்துக் கல்லின்மேல் இரண்டு வீச்சு வீசினால் அடியில் இருக்கும் பளிங்கின் புள்ளி தெரிகிற அளவுக்கு விரியும். ராத்திரியே மாவு பிசைந்து வைக்கும் கடைக்காரர் புரதத்தின் பெயரைப் படித்திருக்க வேண்டிய தேவை இல்லை.

சரி, மனிதரை 'வளைந்து கொடுப்பவர்' என்றால் பாராட்டா, வசவா?

பெரும்பாலும் பாராட்டு. "வளைந்து கொடுத்துப் போகத் தெரிந்தவர்" என்றால் அனுசரித்துப் போகிறவர், முறைத்துக்கொண்டு நிற்காதவர். 'எடுப்பார் கைப்பிள்ளை' நிச்சயம் குறைதான். இரண்டுபேரும் மற்றவர் சொல்வதைக் கேட்கிறார்கள், பின்னே எங்கே பிரிகிறார்கள்? ரப்பர் கேள்வியில் சொன்னதை இங்கேயும் கேளுங்கள்: விட்டபிறகு திரும்புகிறாரா? ஒரு கூட்டத்தில் மற்றவர்களுக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் தன் கருத்தை மறுபடி எடுத்துச் சொல்கிறவர் வளைந்து கொடுத்தவர். கடைசியாக யார் பேசினார்களோ அவருடைய கருத்தோடே வீட்டுக்குப் போகிறவர் கைப்பிள்ளை.

தமிழ்ப் பெரியவர்கள் திட்டும்போது "சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை" என்பார்கள். கவனித்தால், சொல்புத்தியை அவர்கள் இழிவாக வைக்கவில்லை. பிறர் சொல்லிக் கேட்டுக்கொள்வதும் ஒரு புத்திதான், இரண்டில் ஒன்றாவது இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 'வளைந்து கொடு' என்ற அறிவுரை யாரிடம் போகிறது என்று பாருங்கள். புதிதாக வந்த மருமகளிடம் போகும், வேலையில் சேர்ந்த முதல் வருடத்துப் பிள்ளையிடம் போகும். மாமியாரிடமும் மேலாளரிடமும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. நல்ல குணத்தின் பெயரைச் சொல்லி ஒருவரை மட்டும் வளைக்கிறோமா என்று பார்த்துவிட்டு அறிவுரை சொல்லலாம்.

மனைவி பேச்சைக் கேட்கிறவரும் எடுப்பார் கைப்பிள்ளைதானே?

இது ஒரு பாட்டியின் கேள்வி. இல்லை, பாட்டி. ஒருவர் பேச்சை மட்டும் எப்போதும் கேட்கிறவர் கைப்பிள்ளை ஆகமாட்டார். அவர் தேர்ந்தெடுத்துவிட்டார். எல்லார் பேச்சையும் கேட்டுத் திரும்புகிறவரைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும்.

'இளகிய மனம்', 'நெகிழ்ந்து போனேன்', 'குழைந்து பேசினான்' எல்லாம் ஒரே பொருளா?

பொருளுக்குச் சொல்லும்போது பக்கத்துப் பக்கத்து வீடுகள், மனிதருக்கு வந்ததும் வேறு வேறு ஊர்கள். 'இளகிய மனம்' என்றால் இரக்கம், அதில் ஏமாளித்தனம் கிடையாது. 'நெகிழ்ந்து போனேன்' என்றால் உள்ளம் உருகிவிட்டது. மேடையில் நன்றி சொல்கிறவர்கள் அதிகம் பயன்படுத்தித் தேய்த்துவிட்ட சொல். 'குழைவது' காரியத்துக்காக இனிக்க இனிக்கப் பேசுவது. சோறு குழைந்தாலும் மனிதர் குழைந்தாலும் யாருக்கும் பிடிப்பதில்லை. 'துவண்டு போனான்' என்றால் சோர்ந்துவிட்டான். 'வளைச்சுப் போட்டுட்டாங்க' என்பது தனி ரகம், அங்கே வளைந்தவரைவிட வளைத்தவர்மேல்தான் குற்றம்.

என் மகன் நண்பர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறான். அது குணமா, வயதா?

வயதுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரியவர்களும் இதில் பெரிய வீரர்கள் அல்லர். 1951-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் அதே நீளமுள்ளது எது என்று கேட்பார். கண் இருந்தால் போதும், விடை தெரியும். அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷின் ஆட்கள். அவர்கள் கூசாமல் ஒன்றுபோலத் தவறான கோட்டைச் சொல்வார்கள். கடைசியில் அந்த ஒருவரின் முறை வரும். அப்படிப்பட்ட சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு விடை கூட்டத்தோடு சேர்ந்த தவறான விடை. நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு போனார்கள்.

அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது. கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்லவைத்தால், தலையாட்டுவது சரசரவென்று குறைந்துவிட்டது. ஒரு துணை கிடைத்ததுமே தைரியம் வந்துவிடுகிறது. அதனால் மகனிடம் "அவன்களோட சேராதே" என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட, அந்தக் கூட்டத்திலேயே சொந்தமாக யோசிக்கிற ஒரு பையன் இருந்தால் அவனை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். திருக்குறளில் சிற்றினம் சேராமை அதிகாரம், நீர் சேர்ந்த நிலத்தின் தன்மையாகத் திரிவதுபோல மனிதரின் அறிவும் சேர்ந்த இனத்தின் தன்மையாகும் என்கிறது. நிலத்தை மாற்ற முடியாவிட்டாலும் ஒரு கை நல்ல மண் போடலாம்.

ஒரே ஒரு சொல்லால் ஒருவர் மனத்தை வளைக்க முடியுமா?

நினைவையே வளைக்க முடியும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் அவருடைய சக ஆய்வாளரும் ஒரே கார் விபத்துப் படத்தைப் பலருக்குக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். 'மோதி நொறுங்கியபோது' என்ற சொல்லோடு கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40.8 மைல். 'ஒன்றையொன்று தொட்டபோது' என்று கேட்கப்பட்டவர்களின் சராசரி 31.8 மைல். படம் ஒன்றுதான், சொல் மட்டும் மாறியது. பள்ளியில் சண்டை போட்டுவிட்டு வந்த பிள்ளையிடம் "யார் உன்னை அடிச்சா?" என்று ஆரம்பிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம். "என்ன நடந்துச்சு?" போதும்.

மோசடியில் சிக்குபவர்கள் எல்லாரும் எளிதில் மசிபவர்கள்தானே? முதியவர்கள்தானே?

அப்படி நினைத்துக்கொள்வது நமக்கு ஆறுதல், அவ்வளவுதான். 2024-இல் சிங்கப்பூரில் பதிவான மோசடிச் சம்பவங்கள் 51,501, இழந்த தொகை குறைந்தது 110 கோடி வெள்ளி. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் 50 வயதுக்குக் கீழே. முதியவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் சிக்கினால் ஒருவருக்குச் சராசரியாகப் போகும் தொகை அதிகம்.

மோசடிக்காரர் குணம் பார்த்து ஆள் தேடுவதில்லை. அவசரம், பயம், ஆசை, தனிமை இவற்றில் ஏதாவது ஒன்று பிடிபடும் நேரத்துக்குக் காத்திருக்கிறார். உறுதியான உலோகமும் சூட்டில் இளகத்தானே செய்கிறது. காவல்துறை பேசுவதாகச் சொல்லி, தொலைபேசியை வைக்கவிடாமல், யாரிடமும் சொல்லக்கூடாது என்று மிரட்டி மணிக்கணக்கில் பேசுவதெல்லாம் அந்தச் சூட்டை ஆறவிடாமல் இருக்கத்தான். வைத்துவிட்டு 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்டால் போதும், எந்த நேரமும் எடுப்பார்கள்.

மோசடி என்று சொன்னாலும் நம்ப மறுப்பவர்களை என்ன செய்வது?

இது வகுப்பில் வந்த கேள்வி இல்லை, ஒரு மகள் கேட்டது. இணையத்தில் பழகிய ஒருவருக்குத் தாயார் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தாராம். பிள்ளைகள் எது சொன்னாலும், "உங்களுக்கு அவரைத் தெரியாது" என்பதுதான் பதில்.

பார்க்க முரணாக இருக்கும். வெளியாள் ஒருவருக்கு அவ்வளவு இளகியவர், வீட்டாரிடம் கருங்கல். ஆனால் இரண்டும் ஒன்றே. வேறு வடிவத்தில் இறுகிவிட்டார். இறுகியதை அடித்தால் என்ன ஆகும் என்று தட்டார் கேள்வியில் பார்த்தோம். "உனக்கு மூளை இருக்கா?" என்று பிள்ளைகள் கத்தக் கத்த, அந்த வெளியாள்தான் ஆறுதலாகத் தெரிவார்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே சிங்கப்பூரில் ஒரு சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறி ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப் போகிறார் என்று நம்பக் காரணம் இருந்து, வேறு எந்த வழியிலும் அவரைத் தடுக்க முடியாவிட்டால், அவருடைய வங்கிப் பரிவர்த்தனைகளைக் கட்டுப்படுத்தும்படி காவல்துறை வங்கிகளுக்கு உத்தரவிடலாம். முதலில் 30 நாள், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். அன்றாடச் செலவுக்குப் பணம் எடுக்க வழி உண்டு. சொந்தப் பணத்தை அனுப்பும் உரிமையில் அரசு கை வைக்கலாமா என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள், அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் முப்பது நாள் என்பது ஆறவைக்கும் நேரம். அந்த மகளின் இடத்தில் இருந்தால் நான் காவல்நிலையத்துக்குப் போயிருப்பேன்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

வளையும், நேரம் பிடிக்கும். லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. நகரத்துத் தெருக்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய தொழில் அது. வழிகளை நினைவில் வைக்க உதவும் மூளைப்பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது, அனுபவம் கூடக் கூட அந்த வித்தியாசமும் கூடியது. நம் அரசாங்கமும் பழமொழியை நம்பவில்லை போலிருக்கிறது. 2024 மே மாதம் முதல் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்குப் புதுத்திறன் கற்க 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதி கொடுத்திருக்கிறது. ஐந்து வயதில் இலவசம், ஐம்பதில் கொஞ்சம் செலவாகும்.

தேர்வில் எந்தச் சொல்லை எங்கே எழுதுவது?

பொருளுக்கு 'வளையும் தன்மை' எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உலோகம் என்றால் 'தகடாகும் தன்மை'. நேர அட்டவணை, வேலை நேரம் போன்றவற்றுக்கு 'நெகிழ்வு' நன்றாக இருக்கும்: "அம்மாவுக்கு நெகிழ்வான வேலை நேரம்." கதாபாத்திரத்தைக் குறை சொல்ல 'எடுப்பார் கைப்பிள்ளை', நிறை சொல்ல 'அனுசரித்துப் போகிறவர்'. வாய்மொழித் தேர்வில் "அவர் ரொம்ப மேலியபிள்" என்று ஆங்கிலத்தை அப்படியே நுழைப்பதைவிட "யார் சொன்னாலும் நம்பிவிடுவார்" என்று நேராகச் சொன்னாலே போதும், எல்லாருக்கும் புரியும். எழுதும்போது 'கைப்பிள்ளை'யில் நடுவே 'ப்' உண்டு. அதை விட்டுவிட்டு 'கைபிள்ளை' என்று எழுதும் விடைத்தாள்கள்தான் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன.